காட்டிலும் புல்வெளியிலும் பார்க்கிற வயலட் பூக்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவே, எப்படி இனம் பிரிப்பது?

பூவை முன்பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தால் கடைசிவரை பிடிபடாது. எல்லாவற்றுக்கும் ஐந்து இதழ்தான், ஊதா நிறம்தான், அந்த நிறத்தையும் நம்ப முடியாது, ஏனென்றால் வாசனை வயலட்டிலேயே வெள்ளைப் பூ சர்வ சாதாரணம். பூவைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். (பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் வளர்கிற இனங்களை வைத்துச் சொல்கிறேன்.)

முதலில் பச்சையாக இருக்கும் புல்லி இதழ்கள். நுனி மழுங்கியிருந்தால் பெரும்பாலும் வாசனை வயலட் என்கிற வயோலா ஒடோராட்டா, இல்லையென்றால் வயோலா ஹிர்ட்டா. ஒடோராட்டா தரையோடு ஓடுதண்டு விட்டுப் படரும். ஹிர்ட்டாவுக்கு ஓடுதண்டும் கிடையாது, மணமும் கிடையாது, இலைக்காம்பில் முடி நன்றாக நீட்டிக்கொண்டு நிற்கும், சுண்ணாம்பு மண் புல்வெளிகளில் பார்க்கலாம். முகர்ந்து பார்ப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. வயலட் வாசனையில் இருக்கும் அயனோன் என்கிற வேதிப்பொருள் மூக்கையே கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்துவிடும், அதனால் இரண்டாவது தடவை வாசனையே வராதது போலிருக்கும். முதல் தடவை என்ன தோன்றியதோ அதையே நம்புங்கள்.

புல்லி இதழ் கூராக இருந்து, பூக்கள் இலை விட்ட தண்டிலிருந்து வந்தால் அது வேறு கூட்டம். அங்கே பூவுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வாலைக் கவனியுங்கள். தடித்து, இதழைவிட வெளிறி, நுனியில் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தால் வயோலா ரிவினியானா. இது காடு, புல்வெளி இரண்டிலும் வரும். வால் ஒல்லியாக, இதழைவிட அடர்ந்த ஊதாவில், பள்ளமில்லாமல் இருந்தால் ரைகன்பாக்கியானா, காட்டு நிழலில் மற்றதைவிடச் சில வாரம் முன்பே பூத்துவிடும். திறந்த புதர்வெளியில் நீலம் தூக்கலாக, வால் மட்டும் மஞ்சள் கலந்த வெள்ளையாக இருந்தால் கனினாவாக இருக்கலாம், அதற்கு அடியில் இலைக்கொத்து இருக்காது.

எதிலும் சரியாகப் பொருந்தாத செடி வந்தால் குழம்ப வேண்டாம், இவை ஒன்றோடொன்று தாராளமாகக் கலக்கும். கலப்பினம் என்று எழுதிவிட்டு நகர்வதுதான் நேர்மை. கோடையில் தேடிப் போவதும் வீண், அப்போது வருபவை விரியாமலே உள்ளுக்குள் விதை கட்டிக்கொள்ளும் மொட்டுகள்தான், வாலும் இருக்காது ஒன்றும் இருக்காது.

படம் எடுத்து யாரிடமாவது கேட்பதென்றால் பூவின் பக்கவாட்டில் ஒன்று, இலைக்காம்பு ஒன்று, அப்புறம் செடியின் அடிப்பகுதி ஒன்று எடுங்கள். நேர் எதிரே நின்று எடுத்த அழகான படத்தை வைத்து யாராலும் உறுதியாகப் பெயர் சொல்ல முடியாது.