தொடாதீர்கள்னு எழுதி ஒட்டாதீங்க டீச்சர்

வணக்கம் சார்,

நான் சிவகங்கை மாவட்டத்துல ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில அறிவியல் டீச்சர். அடுத்த மாசம் எங்க பக்கம் நடக்குற புத்தகத் திருவிழாவுல அறிவியல் கண்காட்சிக்குன்னு தனிப் பந்தல் போடுறாங்க, எங்க ஸ்கூலுக்கும் பத்துக்குப் பத்துல ஒரு ஸ்டால் கிடைச்சிருக்கு. ஹைட்ராலிக் ஜேசிபி மாடல் ஒன்னு கடையில 2,800 ரூபாய்க்கு ரெடிமேடா வாங்கிட்டோம். எட்டாவது படிக்கிற ரெண்டு பிள்ளைங்க இங்கிலீஷ்ல ஸ்பீச் மனப்பாடம் பண்ணிட்டு இருக்காங்க. போன வருஷமும் ஸ்டால் போட்டோம் சார், ஜனங்க எங்களத் தாண்டி டெல்லி அப்பளக் கடைக்குத்தான் போனாங்க, ஒருத்தர் கூட முழுசா நின்னு கேக்கல. பிள்ளைங்க முகம் வாடிப்போச்சு. இந்த வருஷம் பெரிய ஃப்ளெக்ஸ் வைக்கலாமா, ரீல்ஸ் போடலாமா, எப்படி விளம்பரம் பண்ணா கூட்டம் வரும்?

ஆர்.

அன்புள்ள டீச்சர்,

உங்க லெட்டர் வந்த நேரம் பாருங்க, நான் ரெண்டு வாரமா பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோவோட ஊசல் பத்தித்தான் படிச்சிட்டு இருக்கேன், அதுலயும் ஊசல விட அவரு ஜனங்களக் கூப்பிட்ட விதம்தான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. 1851 பிப்ரவரியில பாரிஸ்ல இருந்த விஞ்ஞானிகளுக்கு ஃபூக்கோ ஒரு அழைப்பு அனுப்புறாரு. அதுல கொள்கையும் இல்ல, கருவியோட பேரும் இல்ல. பூமி சுத்துறத பாக்க வாங்க, நாளைக்கு மூணு மணியிலேர்ந்து அஞ்சு மணிக்குள்ள, வானாய்வுக்கூடத்துக்கு. அவ்ளோதான் விஷயம். அடுத்த மாசமே பாரிஸ்லயே பாந்தியோன்ங்குற பெரிய கட்டடத்துல 67 மீட்டர் கம்பியில 28 கிலோ குண்டத் தொங்கவிட்டு ஊர் ஜனங்க எல்லாரையும் வரவெச்சுட்டாரு. கீழ மணல் போட்டிருந்தாங்க, குண்டோட முனை போகும்போதும் வரும்போதும் அந்த மணல்ல கீறிட்டுப் போகும், கீறுற எடம் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிட்டே போகும், கீழ பூமி திரும்புறதாலதான் அது. நின்னு பாத்தவன் தன் கண்ணாலயே பாத்துக்கிட்டான், பக்கத்துல யாரும் ஸ்பீச் குடுக்கத் தேவைப்படல.

இப்ப உங்க ஸ்டால்ல என்ன போர்டு வைக்கப்போறீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. போன வருஷம் என்ன வெச்சிருந்தீங்கன்னு நீங்க எழுதல, ஆனா எனக்குத் தெரியும், ஏதாவது ஒன்னோட "செயல்படும் மாதிரி"ன்னு இருந்திருக்கும். அப்பளம் பொரியுற வாசத்தத் தாண்டி அதுக்கு எவன் வருவான்? அப்பளக்காரர் மேல தப்பே இல்ல, அவரு எண்ணெய்ச் சட்டிய எல்லாரும் பாக்குற மாதிரி முன்னாடி வெச்சிருக்காரு, நீங்க உங்க சட்டிய பின்னாடி மேஜை மேல வெச்சு முன்னாடி கயிறு கட்டியிருப்பீங்க.

ஃப்ளெக்ஸ் வேண்டாம். அந்தக் காசுக்குப் பிள்ளைங்களுக்கு ரெண்டு நாள் டிபன் வாங்கிக் குடுங்க. ரீல்ஸ் வேணும்னா பிள்ளைங்களே போட்டுக்கும், அதப் பத்தி நீங்க கவலப்பட வேண்டாம்.

அந்த 2,800 ரூபாய் விஷயத்துக்கு வர்றேன், இதுல எனக்குக் கோவம் இருக்கு டீச்சர், மறைக்கல. கடையில செஞ்சத வாங்கிட்டு வந்து அதுக்குப் பக்கத்துல புள்ளைய நிக்க வைக்கிறது அந்தப் புள்ளைக்குப் பண்ற அநியாயம். செய்யாத பொருளப் பத்தி அது என்னத்தச் சொல்லும்? ட்யூப் எங்க கசிஞ்சுது, எத்தன தடவ ஒட்டினோம், எது உடைஞ்சு எத மாத்தினோம்னு சொல்லத்தான் ஒரு புள்ளைக்கு வாய் வரும். வாங்கின மாடல்ல அப்படி எதுவுமே நடந்திருக்காது, அதனாலதான் நீங்க ஸ்பீச் எழுதிக் குடுக்க வேண்டியதாப் போச்சு, அதுவும் இங்கிலீஷ்ல. சிவகங்கைப் பக்கம் புத்தகத் திருவிழாவுக்கு வர்ற விவசாயியும் அவரு சம்சாரமும் எதுக்கு அந்த ஜேசிபிக்குப் பின்னாடி இருக்குற பாஸ்கல் விதிய இங்கிலீஷ்ல கேக்கணும்னு நீங்க ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா இந்த லெட்டரே வந்திருக்காது.

அணுகுண்டு ஓப்பன்ஹைமருக்கு பிராங்க்னு ஒரு தம்பி, அவரும் இயற்பியல்காரர்தான், அரசியல் காரணத்தால வேலை போயி கொலராடோவுல மாடு வளத்துட்டு இருந்தாரு. அப்புறம் அங்கயே ஒரு சின்ன ஊரு ஹைஸ்கூல்ல வாத்தியாரா போனாரு. பிள்ளைங்களக் கூட்டிட்டுக் குப்பைமேட்டுக்குப் போயி பழைய கார் பார்ட்ஸப் பொறுக்கிட்டு வந்து அத வெச்சுத்தான் பாடம் எடுத்தாரு. அந்த மனுஷன்தான் 1969ல சான்பிரான்சிஸ்கோவுல எக்ஸ்ப்ளோரடோரியம்னு ஒரு சயின்ஸ் மியூசியம் ஆரம்பிச்சது, உலகத்துல இன்னைக்கு எந்த சயின்ஸ் மியூசியத்துல நீங்க ஒரு பொருளத் தொட்டுத் திருகிப் பாக்க முடிஞ்சாலும் அதுல அவரோட கை கொஞ்சம் இருக்கு. பாக்க வர்றவங்களுக்கு உதவி பண்ண ஸ்கூல் பிள்ளைங்களத்தான் அங்க நிப்பாட்டுனாரு, சேந்து நோண்டிப் பாக்குறதுதான் அதுங்க வேலை.

எங்க ஸ்கூல்ல 1988 பிப்ரவரி 28 ஞாயித்துக்கிழமை ஒரு கண்காட்சி நடந்துச்சு. அதுக்கு முந்தின வருஷத்துலேர்ந்துதான் அந்த நாள தேசிய அறிவியல் நாளாக் கொண்டாட ஆரம்பிச்சிருந்தாங்க, 1928ல அதே நாள்ல ராமன் விளைவு கண்டுபிடிச்சதுக்காக. ஊர் ஜனங்க எல்லாரும் வரலாம்னு சொல்லியிருந்தாங்க. நான் ஒன்பதாவது. நானும் என் கூட்டாளியும் வடக்குப் பாத்த ஒரு வகுப்பற ஜன்னல எல்லாம் சாக்கும் கருப்பு சார்ட் பேப்பரும் வெச்சு அடைச்சோம், ஒரே ஒரு ஜன்னல் அட்டையில மட்டும் சுண்டுவிரல் நுழையுற அளவுக்கு ஓட்டை. எதுத்தாப்ல வேஷ்டி ஒன்னத் தொங்கவிட்டோம். வெளிய சைக்கிள் ஸ்டாண்டு, புளியமரம், ஐஸ் வண்டி எல்லாத்து மேலயும் தெக்குப் பக்கத்து வெயில் நேரா அடிக்கும். உள்ள வந்து கதவச் சாத்துனா மொதல்ல ஒன்னும் தெரியாது, கண்ணு பழகப் பழக வேஷ்டியில புளியமரம் தலைகீழா எழுந்து வரும், இலை அசையுறது கூடத் தெரியும்.

காலையில பதினோரு மணி வரைக்கும் ஒரு ஈ காக்கா வரல. வெளிய கதவுல "ஒளியின் நேர்கோட்டுப் பண்பு"ன்னு அழகா எழுதி ஒட்டியிருந்தோம். பக்கத்து ரூம்ல தெர்மாகோல்ல அணைக்கட்டு, அங்க மட்டும் கூட்டம்.

மைக்செட்காரர் ஒயர் இழுக்குறதுக்காக எங்க ரூமுக்குள்ள வந்தாரு. இருட்டா இருக்குன்னு திட்டிக்கிட்டே வந்தவரு வேஷ்டியப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாரு. வெளிய அவரோட கூட வந்த பையன் சிவப்புக் கைலி கட்டிக்கிட்டுக் குழாய் ஸ்பீக்கரத் தூக்கிட்டுப் போறான், வேஷ்டியில அதே சிவப்புக் கைலி தலைகீழாப் போகுது. "கலர்லயே தெரியுதேடா"ன்னாரு. அன்னைக்கு எங்க தெருவுல இருந்த நாலு டிவியும் கருப்பு வெள்ளைதான், அத நெனச்சுப் பாத்தீங்கன்னா அவரு குரல் ஏன் அப்படி ஆச்சுன்னு புரியும். பேப்பர எடுத்து வேஷ்டி மேல வெச்சுப் பாத்தாரு, கைய நீட்டித் தன் உள்ளங்கையில சிவப்பப் புடிச்சுப் பாத்தாரு. அப்புறம் கேட்டாரு, ஓட்டையப் பெருசாக்குனா இன்னும் நல்லாத் தெரியுமாடா?

எங்களுக்குத் தெரியல. செஞ்சு பாக்கவே இல்லயே. என் கூட்டாளி ஒன்னும் பேசாம பிளேட எடுத்து ஓட்டைய ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு வெட்டிட்டான். வெளிச்சம் நல்லாக் கூடுச்சு, ஆனா படம் கலங்கிப்போச்சு, மரம் எது வண்டி எதுன்னு தெரியல. எனக்கு அழுகையே வந்துடுச்சு, வந்த ஒரே ஆளு முன்னாடி கெட்டுப்போச்சேன்னு. அவன் என்ன பண்ணான்னா நேரா ஓடிப்போயி தமிழய்யாவோட படிக்கிற கண்ணாடிய வாங்கிட்டு வந்து அந்த ஓட்டையில ஒரு கண்ணாடிச்சில்ல வெச்சு அமுக்கிப் புடிச்சான். மைக்செட்காரர் ஒரு நோட்டோட வெள்ளப் பக்கத்தப் புடிச்சுக்கிட்டு வேஷ்டியிலேர்ந்து ஓட்டைய நோக்கி நடந்து வந்தாரு. ஓட்டையிலேர்ந்து ஒன்றரை அடி தூரம் இருக்கும்போது அந்த நோட்டுல சின்னதா, பளிச்சுன்னு, ஐஸ் வண்டியோட சக்கரத்துல கம்பி எண்ணுற மாதிரி ஒரு படம் வந்து உக்காந்துச்சு. மூணு பேரும் கத்திட்டோம்.

அவரு ஒயரப் போட்டுட்டு ஓடுனாரு. ரெண்டு நிமிஷத்துல மைக்குல அவரு குரல், எட்டாம் நம்பர் ரூம்ல கரண்டே இல்லாம கலர் படம் ஓடுது, நம்ம புளியமரம் தலைகீழாத் தொங்குது, வந்து பாருங்க. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் வரிசை வராண்டாவத் தாண்டி நின்னுச்சு. நீங்க கேட்டீங்களே எப்படி விளம்பரம் பண்றதுன்னு, நான் பாத்த விளம்பரம் இது ஒன்னுதான் டீச்சர், உள்ள வந்து கை வெச்ச ஒருத்தரு வெளிய போயிச் சொன்னது.

மிச்சக் கதையையும் சொல்லிடுறேன், ஏன்னா உங்க ரெண்டு பிள்ளைங்க மனப்பாடம் பண்றாங்கன்னு படிச்சதும் எனக்கு வயித்தக் கலக்குனது இதனாலதான். மூணு மணி வாக்குல நடுவர் வந்தாரு. "மாடல் எங்க?"ன்னாரு. ரூமே மாடல்தான் சார்னோம். சரி எக்ஸ்ப்ளெய்ன் பண்ணுன்னு என் கூட்டாளியப் பாத்துச் சொன்னாரு. அவன் வாயத் திறக்காம கண்ணாடிச்சில்ல ஓட்டையில வெச்சுக் காட்டப் போனான், கையக் கட்டிக்கிட்டு நின்னு சொல்லுடான்னு அதட்டுனாரு. அவனுக்கு வார்த்தை வரல. நான் முந்திக்கிட்டு புஸ்தகத்துல இருந்த நாலு வரிய மூச்சு விடாம ஒப்பிச்சேன், வெரி குட்னு என் முதுகுல தட்டிட்டு அவன முட்டாள்னு சொல்லிட்டுப் போனாரு. அந்த நாலு வரியில லென்ஸ் இல்ல, எலுமிச்சம்பழம் இல்ல, ஒன்றரை அடி இல்ல, நாங்க அன்னைக்குக் கண்டுபுடிச்ச எதுவுமே இல்ல. நான் ஒப்பிக்கும்போது வேஷ்டியப் பாக்கக்கூட இல்ல, சுவத்தப் பாத்து ஒப்பிச்சேன். அடுத்த வருஷம் கண்காட்சிக்கு வாடான்னு கூப்பிட்டப்ப அவன் வரமாட்டேன்னுட்டான். பரிசு அணைக்கட்டுக்குப் போச்சு, அது எனக்கு வருத்தமே இல்ல.

அதனால அந்த ஸ்பீச்சக் கிழிச்சுப் போடுங்க. இன்னைக்கே. பிள்ளைங்க மனசுலேர்ந்து அழியுறதுக்கு ஒரு மாசம் ஆகும். குட் மார்னிங் சார் மை நேம் இஸ்னு ஒரு புள்ள ஆரம்பிக்குதுன்னா, எதுத்தாப்ல நிக்கிற ஆளு கேக்க நெனச்ச கேள்வி அவரு வாயிலயே செத்துப்போகுது, நடுவுல நிப்பாட்டுனா புள்ளைக்கும் மறந்துடும், மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும். ரெண்டு பேருமே அவஸ்தைப்படுறாங்க. ஒப்பிக்கிற புள்ள நல்லாப் பேசுற புள்ளன்னு நாமளே ஒரு நம்பிக்கைய வளத்து வெச்சிருக்கோம், பேசாத புள்ளைய மக்குன்னு ஓரங்கட்டுறோம். உங்க வகுப்புல கையில வேலை செய்யுற, வாய் பேசாத புள்ள ஒன்னு கண்டிப்பா இருக்கும், அதக் கூட்டிட்டு வந்து ஸ்டால்ல முன்னாடி நிக்க வையுங்க. யாராவது கேள்வி கேட்டுத் தெரியலன்னா, தெரியல, செஞ்சு பாப்போமான்னு சொல்லப் பழக்குங்க. கண்காட்சி முழுக்க அது ஒன்னு போதும்.

ஜேசிபிக்கு வழி இருக்கு, பயப்படாதீங்க. அதப் பிரிங்க. ஊசி எடுத்த ரெண்டு சிரிஞ்சு வேணும், 5 மில்லி ஒன்னு, 20 மில்லி ஒன்னு, நடுவுல அந்த ட்யூப், உள்ள தண்ணி. சின்னத ஒரு ஆறு வயசுப் புள்ள கையில குடுங்க, பெருச அதோட அப்பா கையில குடுங்க, ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல தள்ளச் சொல்லுங்க. அப்பா திணறுவாரு. தண்ணியில அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்னுதான், பெரிய சிரிஞ்சுல அது அமுக்குற பரப்பு அதிகம், அதனால அவரு ரெண்டு மடங்குக்கு மேல பலம் போட்டாத்தான் சரிக்குச் சரி. இத அந்தப் புள்ளையே கேக்கும், ஏம்ப்பா உனக்குப் பலம் இல்லயான்னு, அங்கேர்ந்து பேச்ச ஆரம்பிக்கலாம். போர்டுல ஹைட்ராலிக்னு எழுதாதீங்க, "அப்பாவத் தோக்கடிக்கலாம் வாங்க"ன்னு எழுதுங்க. ட்யூப்ல காத்துக் குமிழி இருக்கக்கூடாது, இருந்தா ஸ்பிரிங் மாதிரி அமுங்கிட்டு விஷயமே போயிடும். சிரிஞ்சு வாஷர் தேயும், சிரிஞ்சே ஒரு டஜனாவது கூட வெச்சுக்கோங்க, மெடிக்கல் ஷாப்ல கிடைக்கும். மேஜைய ஆறு வயசுப் புள்ள இடுப்பு உயரத்துக்குப் போடுங்க, கயிறு கட்டாதீங்க. உடைஞ்சா உடையட்டும்.

கண்காட்சிக்கு முன்னாடி உங்க ஸ்கூல் சத்துணவு அக்காவக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசாம அவங்க கையில குடுத்துப் பாருங்க, எந்த எடத்துல அவங்க கை தயங்குதோ அந்த எடத்தச் சரி பண்ணுங்க. வாட்ச்மேன், பஸ்ல உங்களோட வர்ற ஆளுங்கன்னு ஒரு பத்துப் பேர்கிட்ட இப்படிப் பாத்துட்டீங்கன்னா போதும்.

எடம் மிச்சமிருந்தா ஒரு ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டிய வாங்கி இருட்டுப் பெட்டியும் செஞ்சிடுங்க, தலைய உள்ள விட்டுப் பாக்குற மாதிரி, ஓட்டை ஒரு பக்கம், எண்ணெய் தடவின பேப்பர் திரைக்கு. ஆனா ஒன்னு, புத்தகத் திருவிழாவுல கூட்டம் வர்றது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல, அப்ப வெயில் இருக்காது. அதனால எதுத்தாப்ல சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு எல்இடி பல்ப வரிசையா எரிய விடுங்க, பெட்டிக்குள்ள அதே மூணும் இடம் வலம் மாறி நிக்கும், நடுவுல ஒரு புள்ள கைய ஆட்டுனா எந்தப் பல்பு மறையுதுன்னு உள்ள இருக்குறவங்க சொல்லணும்.

உங்க ஸ்டால் பந்தல்ல எந்த மூலையில, பக்கத்துல ப்ளக் பாயிண்ட் இருக்கான்னு இந்த வாரமே போயிப் பாத்துட்டு எழுதுங்க. மூணு பல்பு ஹோல்டரும் ஒயரும் நான் பார்சல் போட்டு விடுறேன்.