பழைய யெஸ்டி சூடானதும் இழுவை குறைகிறது, கார்புரேட்டர் மாற்றியும் சரியாகவில்லை. எங்கே பார்ப்பது?

நீங்கள் எழுதியிருப்பது இது: 1982 யெஸ்டி 250, டூ ஸ்ட்ரோக் பைக். காலையில் இரண்டு உதையில் ஸ்டார்ட் ஆகிறது. பத்து கிலோமீட்டர் ஓடியதும் மேட்டில் இழுக்க மறுக்கிறது. சிக்னலில் ஆக்சிலேட்டரை மூடினாலும் இன்ஜின் சத்தம் உடனே இறங்காமல் உயரத்திலேயே நிற்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைப் புதிதாகப் போட்டும் அதே கதை.

படித்ததும் மனசு பதறிவிட்டது. அப்பாவின் யெஸ்டியில் எனக்கு அச்சு அசலாக இதுதான் நடந்தது. அதனால் முதலில் ஒன்று: காரணம் தெரியும்வரை அந்த வண்டியில் நீண்ட தூரம் போகாதீர்கள், மலை ஏறவே ஏறாதீர்கள். ஆக்சிலேட்டரை மூடியும் ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) இறங்கவில்லை என்றால் பெரும்பாலும் பெட்ரோல் குறைந்து காற்று கூடிப் போகிறது என்று அர்த்தம். நம் வண்டியில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. ஆகவே பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். ஒரே நேரத்தில் சூடும் ஏறி வழுக்கலும் போனால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

என் கதையைச் சொல்கிறேன். நான் சேலம். ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அப்பா காலத்தில் அந்த வண்டி இருவரை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் முக்காமல் ஏறும். என் கைக்கு வந்த பிறகு ஏழாவது வளைவுக்கு மேல் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி கொஞ்ச தூரம் போகும். ஒரு பட்டறையில் கார்புரேட்டர்தான் போயிருக்கிறது என்றார்கள், மாற்றினேன். இன்னொரு இடத்தில் ஸ்பார்க் வரவைக்கும் பாயின்ட், கண்டென்சர் இரண்டையும் மாற்றினார்கள். இரண்டு நாள் வண்டி தங்கமாக ஓடியது, மூன்றாம் நாள் பழையபடி. அந்த இரண்டு நாள்தான் என்னை மாதக்கணக்கில் ஏமாற்றியது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் காசு செலவழிக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். வண்டி இழுக்க மறுக்கும் அந்த இடத்திலேயே நிறுத்தி டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, உடனே வண்டி சரியாகிவிட்டால், மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காமல் நிற்கிறது. ஒரு ஊசி போதும், வேலை முடிந்தது. அது இல்லையென்றால் கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் பெட்ரோலை விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் கொட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் பெட்ரோல் டேப்பின் வலையில் டேங்க் துரு படிந்திருக்கிறது.

அடுத்து பிளக். வீட்டு வாசலில் ஐடிலிங்கில் ஓடவிட்டுக் கழற்றிப் பார்ப்பதில் பயனில்லை. காலியான நேர் ரோட்டில் மூன்றாவது கியரில் கொஞ்ச தூரம் ஆக்சிலேட்டரை நன்றாகத் திறந்து ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்துச் சாவியை அணைத்து, ஓரமாக உருட்டி நிறுத்திக் கழற்றுங்கள். சுட்டுவிடும், துணி வேண்டும். பீங்கான் பகுதி காபி நிறத்தில் இருந்தால் நல்லது. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் காற்று அதிகம். அந்த வெள்ளையின் மேல் வெள்ளிப் பொடி போலப் புள்ளிகள் தெரிந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள், அது பிஸ்டன் அலுமினியம். என்னுடையது வெளுத்திருந்தது. நல்லவேளை புள்ளி வரவில்லை.

இங்கே பலரும் செய்யும் ஒரு தவறு: இன்ஜின் சூடாகிறதே என்று பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயிலைக் கூட்டி ஊற்றுவது. லிட்டருக்கு 40 மில்லி என்றால் 40 மில்லிதான். கார்புரேட்டரின் அதே ஜெட் (சிறு துளை) வழியாக ஆயில் அதிகம் போனால் பெட்ரோல் குறைவாகத்தான் போகும். காற்றுக்குப் பெட்ரோல் போதாத நிலை இன்னும் மோசமாகும்.

இப்போது முக்கியமான இடம். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலே போகும்போது கீழே கிராங்க்கேஸில் (கிராங்க் தண்டு சுழலும் அடி அறையில்) வெற்றிடம் உண்டாகி கார்புரேட்டரிலிருந்து கலவையை இழுக்கிறது. பிஸ்டன் இறங்கும்போது அதே கலவையை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் அடி அறை வெறும் ஆயில் தொட்டி. நம் வண்டியில் அது ஒரு பம்ப். சைக்கிள் பம்பில் வாஷர் போனால் எவ்வளவு அடித்தாலும் டயரில் காற்று ஏறாதல்லவா, அதுபோலத்தான். அந்த அறையைக் காற்றுப் புகாமல் காப்பது கிராங்கின் இரு பக்கமும் இருக்கும் ரப்பர் ஆயில் சீல்கள். நாற்பது வயது வண்டியில் அவை கெட்டித்துப் போயிருக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எப்படியோ சமாளிக்கும், சூடானால் விட்டுக்கொடுக்கும்.

எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதற்கு அடையாளம் உண்டு. இடது பக்கம் இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயின் ஆயிலில் ஓடுகிறது. அந்த சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக் குடிக்கும். புகை கட்டுக்கடங்காமல் வரும், பிளக் நனையும், கியர் ஆயில் அளவு காரணமின்றி இறங்கும். வலது பக்கம் மின்சாரம் தரும் டைனமோ, அங்கே ஆயில் கிடையாது. அந்த சீல் போனால் வெறும் காற்று உள்ளே போகும், பிளக் வெளுக்கும். உங்கள் அறிகுறி வலது பக்கத்தைத்தான் காட்டுகிறது.

வலது மூடியைக் கழற்றி டைனமோவை விரலால் தொட்டுப் பாருங்கள். காய்ந்து, தூசியாக இருக்க வேண்டிய இடம் அது. என் வண்டியில் கறுப்பாக, பிசுபிசுவென்று, மோந்தால் 2டி ஆயில் வாசனை. பிஸ்டன் இறங்கும் ஒவ்வொரு முறையும் சீல் வழியாகக் கொஞ்சம் கலவை வெளியே துப்பப்பட்டு அங்கே படிந்திருக்கிறது. பாயின்ட் இருப்பதும் அதே இடத்தில்தான். அந்த ஆயில் பாயின்டில் படிந்து ஸ்பார்க்கையும் கெடுத்தது. புது பாயின்ட் போட்டதும் இரண்டு நாள் நன்றாக ஓடியதன் ரகசியம் இதுதான். நோயை விட்டுவிட்டு வாயைத் துடைத்திருக்கிறோம்.

அதைக் கண்டுபிடித்தது ஒரு வயதான மெக்கானிக் அண்ணன். வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யவில்லை. "தம்பி, கார்புரேட்டர வுடுங்க. மூச்சு எந்தப் பக்கம் போவுதுன்னு பாப்போம்" என்றார். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து அதில் ஒரு குழாயைச் செருகி எம்-சீல் வைத்து அடைத்திருந்தார். மறுமுனையில் பிபி பார்க்கும் கருவியின் பல்பும் மீட்டரும். யெஸ்டிக்கு இரண்டு சைலன்சர், ஆகவே இரண்டு எக்ஸாஸ்ட் வாயையும் டியூப் ரப்பரும் தகடும் வைத்து இறுக்கினார். கார்புரேட்டரைக் கழற்றி, அது மாட்டும் குழாயான மேனிஃபோல்டையும் அடைத்தார். பிஸ்டனை அடிக்கு இறக்கி, பிளக் துளையில் குழாயை மாட்டி, முள் 260 வரும்வரை பல்பை அமுக்கினார். ஏறக்குறைய 5 பிஎஸ்ஐ. அதற்கு மேல் போகக்கூடாது, நல்ல சீலும் பிதுங்கிவிடும். நல்ல இன்ஜினில் ஒரு நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்காது. என் வண்டியில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் சரசரவென்று பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. டைனமோ பக்கம் சோப்புத் தண்ணீர் தடவினார். கிராங்க் முனையைச் சுற்றி நுரை பொங்கியது. ஐந்து மாதம் தேடியது ஐந்து நிமிடத்தில் கண்ணெதிரே.

அதன்பின் டைனமோ ஆர்மேச்சரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். ஆடியது. பேரிங் தேய்ந்து கிராங்க் ஆடினால் புது சீலின் உதடும் சீக்கிரமே கிழியும். பாயின்ட் இடைவெளி 0.4 மிமீ வைத்தாலும் ஓடும்போது மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே இன்ஜினை இறக்கிப் பிரித்து இரு பக்க சீலும் பேரிங்கும் சேர்த்து மாற்றினோம். சீலை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

உங்கள் டைனமோ காய்ந்திருந்தால்? மேனிஃபோல்டு கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். இன்ஜின் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றிக் கெட்டியாக கிரீஸ் அப்புங்கள். ஐடிலிங் இறங்கினால் ஓட்டை அங்கேதான். சூட்டில் வேலைநிறுத்தம் செய்யும் கண்டென்சரும் உண்டு, ஆனால் அது வேறு மாதிரி. வெட்டி வெட்டி ஓடும், பாயின்டில் பெரிய மஞ்சள் பொறி தெறிக்கும், ஆர்பிஎம் உயரத்தில் நிற்காது. சைலன்சர் கரி அடைப்பும் இழுவையைக் கெடுக்கும். ஆனால் அது மாதக்கணக்கில் மெதுவாக வரும், சூடு ஆறினாலும் போகாது. உள்குழாயைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துக் கழுவுவார்கள், கையுறை கட்டாயம். அலுமினியப் பாகம் எதையும் அதில் போட்டுவிடாதீர்கள், கரைத்துவிடும்.

இன்னொன்று, இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கே போதும். அந்தக் காலத்து ஜெட்டில் இந்தப் பெட்ரோலை ஊற்றினால் கலவையில் காற்று சற்றுக் கூடுதலாகவே இருக்கும். கசிவை அடைத்த பிறகும் பிளக் வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குங்கள். கசிவு இருக்கும்போதே ஜெட்டை ஏற்றி மறைக்கப் பார்க்காதீர்கள். என் பழைய ரப்பர் பெட்ரோல் குழாயையும் அப்போதே மாற்றினேன், விரலால் வளைத்ததும் வெடித்தது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். உங்கள் பழைய கார்புரேட்டரைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், அது நன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். என் பழையதைத்தான் சுத்தம் செய்து திரும்ப மாட்டினேன். முதல் ஐந்நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து ஏற்காடு ஏறினேன். ஏழாவது வளைவில் என் கை தானாக ஆக்சிலேட்டரைக் குறைக்கப் போனது. அப்பா தோளைத் தட்டி, "விடுடா, அது ஏறும்" என்றார்.

வலது மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே ஈரமா காய்ந்திருக்கிறதா, பிளக் என்ன நிறம் என்று கீழே எழுதுங்கள்.