காம்பை அறுத்தால் குலை விழும்: பந்து கேம் பற்றிய கேள்வி பதில்

பரந்தனில் போன் திருத்துகிற சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். திரை மாற்றியபின் டச் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு கேம் விளையாடிப் பார்ப்பது வழக்கம். எந்தப் போனைத் திறந்தாலும் அனேகமாக அந்தப் பந்து கேம் இருக்கும். மேலே நிறம் நிறமாகப் பந்துகள் தொங்கும், கீழிருந்து ஒரு பந்தைச் சுட வேண்டும், ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் வெடிக்கும். போனை வாங்க வந்தவர் தன் ஸ்கோரைப் பார்த்துவிட்டு "அண்ணை, இது எப்படி?" என்பார். இப்படிக் கேட்டுக் கேட்டே கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், ஆட்களைப் போடவில்லை.

விசுவமடுவில் இருந்து ஒரு தங்கச்சி: நான் கெதியாக வெடித்து முடித்துவிடுவேன், ஒரு லெவலிலும் தோற்பதில்லை. ஆனால் என் தம்பி அதே லெவலில் என்னைவிட மூன்று மடங்கு புள்ளி எடுக்கிறான். பகிடி வேறு பண்ணுகிறான். எங்கே பிழை?

தங்கச்சி, நுங்கு வெட்டுகிறவர் மரத்தில் ஏறி ஒவ்வொரு காயாகவா பிடுங்குகிறார்? காம்பில் ஒரு வெட்டு, குலை முழுக்கக் கீழே. நீங்கள் காய் பிடுங்குகிறீர்கள், தம்பி குலையை வெட்டுகிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்கைச் சொன்னால் விளங்கும். இந்த வகைக் கேமைப் பிரபலமாக்கியது ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1994 இல் கொண்டுவந்த பஸில் பொபிள். அதில் வெடிக்கிற பந்து ஒன்றுக்கு 10 புள்ளி. ஆனால் மேலே இருந்த பிடி அறுந்து சும்மா விழுகிற பந்துகளுக்குக் கணக்கே வேறு: ஒன்று விழுந்தால் 20, இரண்டு விழுந்தால் 40, மூன்றுக்கு 80, இப்படியே இரட்டித்துக்கொண்டு போகும். ஒரே அடியில் பத்துப் பந்து விழுந்தால் 10,240. அதே பத்தையும் வெடிக்க வைத்திருந்தால் வெறும் 100. பதினேழு விழுந்தால் 13,10,720, அதற்குமேல் எத்தனை விழுந்தாலும் ஏறாது. உங்கள் போனில் இருப்பது இதே கணக்கைத்தான் பாவிக்கும் என்றில்லை, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. சோதித்துப் பார்ப்பது லேசு: ஒரு அடிக்கு முன்னும் பின்னும் ஸ்கோரைக் கொப்பியில் எழுதுங்கள், மூன்று வெடித்தபோது எவ்வளவு ஏறியது, ஐந்து விழுந்தபோது எவ்வளவு ஏறியது என்று. பத்து நிமிடத்தில் உங்கள் கேமின் குணம் பிடிபட்டுவிடும்.

இனி எப்படி வெட்டுவது? எல்லாரும் கண்ணைக் கீழ் வரிசையில் வைத்திருப்பார்கள், ஏனென்றால் பந்து அங்கேதான் முதலில் போய் முட்டும். நீங்கள் கூரையில் இருந்து கீழே பாருங்கள். எந்தப் பந்தும் பக்கத்துப் பந்துகளின் வழியாகக் கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மட்டும்தான் நிற்கும். இடது பக்கம் பன்னிரண்டு பந்து கலந்து கட்டிய ஒரு கொத்துத் தொங்குகிறது என்று வையுங்கள். மேலே அதைப் பிடித்திருப்பது இரண்டு பச்சை மட்டும், அதற்குப் போக வலப்பக்கமாக ஒரு ஒடுங்கின இடைவெளி இருக்கிறது. கையில் பச்சை வந்தால் பன்னிரண்டும் விழும். பச்சை வரவில்லை, சிவப்பு வருகிறது என்றால் அந்தச் சிவப்பை எங்காவது ஓரத்தில் போடுங்கள், இடைவெளியை மட்டும் அடைக்கவேண்டாம். பொறுமைதான் கஷ்டம். கொத்தின் அடியில் மூன்று சிவப்பு "வெடி, வெடி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், கை துருதுருக்கும்.

எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்றும் கேட்பீர்கள். சில கேமில் குறிப்பிட்ட தரம் சுட்டால் கூரையே இறங்கும், சிலதில் நீங்கள் வெடிக்காமல் வீணாகச் சுட்டால்தான் புது வரிசை வரும். இரண்டாவது வகை என்றால் வீண் அடியைக் கணக்குப் பண்ணித்தான் பொறுக்க வேண்டும். என் கணக்கு, கொத்தின் நுனிக்கும், பந்து தொட்டால் தோல்வியாகிற கீழ்க்கோட்டுக்கும் இடையில் மூன்று வரிசை இடம் இருக்கும் மட்டும் காத்திருப்பேன். அதற்குக் கீழே வந்தால் ஆசையை விட்டுவிட்டுக் காய் பிடுங்குவதுதான்.

மாங்குளம் தம்பி: சுவரில் பட்டுத் தெறித்துப் போகிற அடி எனக்கு எப்போதும் ஒரு பந்து தள்ளியே ஒட்டுகிறது. கை நடுக்கமா, போன் பிழையா?

இரண்டும் இல்லை. கரம் போட் விளையாடுவாய்தானே? சட்டத்தில் பட்டுத் திரும்புகிற அடிக்கு என்ன செய்வாய்? காய் சட்டத்துக்கு அந்தப்பக்கம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நினைத்து, அந்தக் கண்ணாடிக் காயைக் குறிவைப்பாய். இங்கேயும் அதேதான், எந்தக் கோணத்தில் போய் முட்டுகிறதோ அதே கோணத்தில் திரும்பும். ஆனால் நீ கண்ணாடியைச் சுவரிலேயே வைக்கிறாய். சுவரில் படுவது பந்தின் விளிம்பு, அதன் நடு அல்ல. நடு சுவரைத் தொடுவதற்கு அரைப் பந்து தூரத்திலேயே திரும்பிவிடும். ஆகவே கண்ணாடியைச் சுவருக்கு அரைப் பந்து உள்ளே வைத்து யோசி. போகும்போது அரை, வரும்போது அரை, மொத்தம் ஒரு பந்து. உன் பிழை ஒரு பந்து தள்ளிப் போவதற்குக் காரணமே அதுதான்.

பிறகு, குறிக்கோடு காட்டுகிற கேம் என்றால் அதை நம்பியே பழகாதே, மேல் லெவல்களில் அதைச் சுருக்கிவிடுவார்கள். விரலைத் திரையில் வைத்து இழுத்துக்கொண்டே கோணத்தைச் சரி பார், சரியென்று பட்டபின் விடு. டக்கென்று தட்டுவது போளை அடிக்கிற மாதிரி, ஒரு நாள் படும், ஒரு நாள் படாது.

ஒட்டுசுட்டான் பக்கம், வயல் காவல் கொட்டிலில் இருந்து ஒரு அண்ணை: யானைக்குக் காவல் இருக்கும்போது நித்திரை வராமல் இருக்க விளையாடுகிறேன். இரவில் ஸ்கோர் படுமோசம், பகலில் பரவாயில்லை. கண் பழுதாகிவிட்டதா?

அண்ணை, முதலில் போனின் செட்டிங்கில் இரவு வெளிச்சம் என்று ஒன்று போட்டிருக்கிறீர்களா பாருங்கள். அது திரையை மஞ்சளாக்கும். நீலத்துக்கும் ஊதாவுக்கும், மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். விளையாடும் நேரம் மட்டும் அதை நிறுத்திவிட்டுத் திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். சில கேமில் பந்துக்குள் நட்சத்திரம், முக்கோணம் என்று அடையாளம் போட வசதி இருக்கும், நிறக்குருடு உள்ளவர்களுக்காக வைத்தது. நல்ல கண் உள்ளவருக்கும் உதவும். சத்தத்தைக் குறைத்துவிடுங்கள், யானை வந்தால் கேட்க வேண்டும்.

கிளிநொச்சி அக்கா: எங்குமே பொருந்தாத நிறம் வந்தால் என்ன செய்வது? எனக்கு அதிலேதான் கேம் கவிழ்கிறது.

அக்கா, முதலில் அடுத்த பந்து என்ன என்று பாருங்கள். அனேகமான கேமில் கையிலுள்ளதையும் அடுத்ததையும் மாற்றிக்கொள்ளலாம், பந்தின்மேல் தட்டினால் போதும். இந்த வசதி இருப்பதே தெரியாமல் ஒரு வருசம் விளையாடினவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். மாற்றியும் சரிவரவில்லை என்றால், அதே நிறத்தில் தனியாக நிற்கிற ஒன்றுக்குப் பக்கத்தில் போட்டுச் சோடியாக்குங்கள். வீண் என்று எறியாதீர்கள், அது அடுத்த முறைக்கு முதலீடு.

இன்னொன்று. பலகையில் ஒரு நிறம் முழுவதும் தீர்ந்துவிட்டால் அந்த நிறம் இனி வராது என்பதுதான் இந்த வகைக் கேம்களில் பலதின் ஏற்பாடு. ஆறு நிறம் இருந்த இடத்தில் ஐந்தானால் உங்களுக்கு வேண்டியது வருகிற வாய்ப்புக் கூடுகிறது. மூன்றாகக் குறைந்தால் கேம் உங்கள் கையில். அதனால் இரண்டு மூன்று மட்டும் மிஞ்சியிருக்கிற நிறத்தை முதலில் ஒழித்துக்கட்டுங்கள். குலை வெட்டுவதையும் இதையும் ஒன்றாகச் செய்ய முடிகிற அடி கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

புதுக்குடியிருப்புத் தம்பி: காசு, உயிர் எல்லாம் முடிவில்லாமல் தருகிற பதிப்பு ஒன்றைக் கூட்டாளி அனுப்பினான். போடலாமா?

வேண்டாம். அப்படி ஒன்றைப் போட்டுவிட்டு, திரை முழுக்க விளம்பரம் குதிக்கிற போனோடு வருகிறவர்களைத்தான் நான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

இன்னொருவர், ஊர் சொல்லவில்லை: ஐந்து பந்து கூடுதலாகத் தருகிறோம், வீடியோ பாருங்கள் என்கிறது. ரீலோட் போட்ட டேட்டா எல்லாம் அதிலேயே போகிறது.

டேட்டாவை நிறுத்திவிட்டு விளையாடுங்கள், பல கேம் அப்படியே ஓடும். அந்த ஐந்து பந்து தேவைப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டால் பெரிய ஸ்கோர் ஏற்கெனவே போய்விட்டது. திரும்பத் தொடங்குவதே மேல்.

மல்லாவி, ஓய்வு பெற்ற ஆசிரியர்: நான் பழைய கணினியில் லைன்ஸ் 98 விளையாடுகிறவன். சுடுவது கிடையாது, பந்தை நகர்த்துவதுதான். அதற்கும் ஏதாவது சொல்வீரா?

சேர், நான் பழகினதே அதில்தான். 2012 இல் ஒரு கணினி வகுப்பில் சேர்ந்தேன், டைப் பண்ணப் பழகினதைவிட அதைப் பழகினது கூட. 1992 இல் ரஷ்யாவில் வந்த கலர் லைன்ஸின் மறு உருவம் அது. ஒன்பதுக்கு ஒன்பது, 81 கட்டம், ஏழு நிறம், ஒவ்வொரு நகர்வுக்கும் மூன்று புதுப் பந்து. ஐந்து ஒரே வரியில் சேர்ந்தால் போகும், குறுக்காகச் சேர்ந்தாலும் சரி. வரி சேர்ந்த நகர்வுக்குப் புதுப் பந்து வராது, முழு விளையாட்டும் அந்த ஒரு விதியில்தான் இருக்கிறது. ஒரு வரியை முடித்தவுடன் அடுத்ததையும் முடிக்க முடிகிற மாதிரி நாலு நாலாக இரண்டைத் தயாராக வைத்திருந்தால் பலகை மூச்சு விடும்.

பந்து மேல், கீழ், இடம், வலம்தான் போகும், வெறும் கட்டம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஆகவே நடுவை வரம்பு கட்டின மாதிரி அடைத்துவிடாதீர்கள், வாய்க்கால் திறந்தே இருக்கட்டும். அடுத்து வரப்போகிற மூன்று நிறத்தையும் காட்டுவதைப் பார்த்துவிட்டு நகர்த்துங்கள். உங்களுக்குச் சொல்லித் தருவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வவுனியாத் தம்பி: தவளை நடுவில் இருந்து துப்புகிற கேமில் பந்துச் சங்கிலி கிடங்குக்குள் போய்விடுகிறது, சமாளிக்க முடியவில்லை.

அது ஸூமா, 2003 இல் பொப்கப் வெளியிட்டது. அதைப் பார்த்துச் செய்ததுகளும் ஏராளம். நீ சங்கிலியின் வாலில் சுடுகிறாய் என்று நினைக்கிறேன். நடுவில் உடை. உடைந்தால் முன் துண்டு அப்படியே நின்றுவிடும், பின்துண்டு வந்து முட்டித் தள்ளும் மட்டும் அசையாது. உனக்கு நேரம் கிடைக்கும். இடைவெளியின் இரண்டு முனையும் ஒரே நிறமாக இருந்தால் முன் துண்டு பின்னால் இழுபடும். இதைப் பார்: சிவப்பு, சிவப்பு, நீலம், நீலம், சிவப்பு என்று நிற்கிறது. ஒரு நீலத்தை உள்ளே விட்டால் நீலம் மூன்றும் வெடிக்கும், இரண்டு பக்கச் சிவப்பும் ஒட்டி அதுவும் வெடிக்கும், சங்கிலியும் பின்வாங்கும். ஒரு அடி, மூன்று வேலை. இடைவெளிக்குள்ளால் சுட்டு அப்பால் இருக்கிற சங்கிலியில் வெடிக்க வைத்தால் அதற்குத் தனியாகப் புள்ளி.

முழங்காவில் தங்கச்சி: போன் மாற்றினால் லெவல் எல்லாம் போய்விடுமா?

கேமுக்குள் கணக்கு ஒன்றோடு இணைத்திருந்தால் போகாது, இல்லையென்றால் போய்விடும். இன்றைக்கே இணையுங்கள். நான் ஒன்றரை வருசமாக ஏற்றின ஸ்கோர், பெரும்போக விதைப்பு நேரம் போனோடு சேர்ந்து வாய்க்காலுக்குள் விழுந்தது. கடை வைத்திருக்கிறவன்தானே, போர்டைக் கழட்டிக் காயவைத்துப் போனை எழுப்பிவிட்டேன். ஆனால் அதற்கு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்க வேண்டி வந்தது. திறந்தால் லெவல் ஒன்று. வீட்டில் அம்மா இப்போது 340 ஆவது லெவலில் இருக்கிறா, அவவுக்கு அதே கேம்தான், கணக்கை நான்தான் இணைத்துக் கொடுத்தேன்.