கொள்ளுப்பாட்டியின் புடவையில் ஒரு யானை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேத்திக்கு அடுத்த மாதம் ஒரு வயது நிறைகிறது. மறைந்த என் மாமியாரின் பருத்திப் புடவை ஒன்றை வெட்டி, பேத்தியின் பெயர் தைத்த யானைப் பொம்மை ஒன்றைச் செய்து கொடுக்க விரும்புகிறேன். வீட்டில் இலவம்பஞ்சு இருக்கிறது. கண்களுக்குக் கறுப்புப் பொத்தான்களும், கழுத்தில் கட்ட மணி கோத்த நாடாவும் வாங்கியிருக்கிறேன். எனக்கு ஓரளவு தைக்கத் தெரியும். எப்படித் தொடங்குவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: புடவையை வைத்துக்கொள்ளுங்கள், பொத்தான், மணி, நாடா மூன்றையும் விட்டுவிடுங்கள். இந்த வயதுக் குழந்தை கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைத்துப் பார்க்கும் என்பதால், அதன் பொம்மையில் ஒட்டியதோ தொங்குவதோ எதுவும் இருக்கக் கூடாது. அது உங்கள் பேத்திக்கே உரியது என்று காட்டும் அனைத்தும் துணியாகவும் நூலாகவுமே இருக்கட்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மையிலிருந்து கழன்று வரும் எந்தப் பகுதியும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுதாக அடங்கக் கூடாது என்கிறது ஐஎஸ் 9873 என்னும் இந்தியத் தர விதி. சட்டைப் பொத்தான் மட்டுமல்ல, கோட்டுப் பொத்தானும் அதற்குள் அடங்கிவிடும். கடைப் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், வீட்டில் தைக்கும் பொம்மையைச் சோதித்துப் பார்க்க உங்களை விட்டால் வேறு யாரும் இல்லை.

பழைய புடவை எல்லா இடத்திலும் ஒரே உறுதியோடு இருக்காது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழை விலகித் தெரியும் இடங்களையும், கொசுவத்தின் கீழ்விளிம்பையும் தவிர்த்து, வெயில் அதிகம் படாத உள்சுற்றுப் பகுதியிலிருந்து வெட்டுங்கள். ஜரிகை உள்ள கரையைச் சேர்க்க வேண்டாம். அது குத்தும், நாளடைவில் இழை பிரியும். ஈரமான வெள்ளைத் துணியால் புடவையை அழுத்தித் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது மிக அவசியம். ஒட்டினால், எவ்வளவு பிரியமான புடவையாக இருந்தாலும் வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள். பலமுறை துவைத்த பருத்தி மெலிந்திருக்கும் என்பதால், ஒவ்வொரு துண்டின் உட்புறமும் நனைத்துக் காயவைத்த புதிய காடாத் துணியை வைத்து, இரண்டையும் ஒரே துணிபோலச் சேர்த்துத் தைக்க வேண்டும்.

பெயரையும் கண்களையும் பொம்மையை மூட்டுவதற்கு முன்பே, துணி தட்டையாக இருக்கும்போது, பூத்தையல் வளையத்தில் மாட்டித் தைத்துவிடுங்கள். ஆறு இழை நூலில் மூன்று இழைகளைப் பிரித்தெடுத்து, சங்கிலித் தையலோ பின்தையலோ போடலாம். தமிழ் எழுத்துகளில் சுழிகள் அதிகம். ‘ண’, ‘ழ’ போன்றவற்றைச் சிறிதாகத் தைத்தால் சுழி அடைந்துபோய் எழுத்தே தெரியாது. எனவே முக்கால் அங்குல உயரமாவது வேண்டும். நீளமான நிரப்புத் தையலில் குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளும் என்பதால் தையல்களைக் குட்டையாகவே போடுங்கள். காதில் பெயர் வேண்டாம், முதலில் கடிபடுவது காதுதான். விலாப்பகுதியே அதற்கு ஏற்ற இடம்.

நீங்கள் யானையைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஜெர்மனியில் மார்கரெட் ஸ்டைஃப் என்னும் தையல்காரப் பெண்மணி 1880இல் ஊசி குத்தி வைப்பதற்கென்று கம்பளித் துணியில் சிறு யானைகள் தைத்தார். குழந்தைகள் அவற்றை எடுத்து விளையாடத் தொடங்கியதிலிருந்தே அவருடைய பொம்மைத் தொழில் வளர்ந்தது. குழந்தைக்கு யானையின் துதிக்கை நல்ல கைப்பிடி. பொம்மை ஒன்பது அங்குலத்துக்கு மேல் வேண்டாம். துதிக்கை உங்கள் இரண்டு விரல் பருமனாவது இருந்தால்தான் தைத்தபின் நல்ல பக்கம் வெளியே வரும்படி எளிதாகத் திருப்ப முடியும்.

இலவம்பஞ்சு இந்தப் பொம்மைக்கு ஏற்றதல்ல. அதன் நுண்ணிழைகள் மெல்லிய துணியின் வழியே வெளியேறும். துவைத்தால் கட்டிகட்டியாகி உள்ளே ஈரம் தங்கிவிடும். புதிய பாலியஸ்டர் ஃபைபர் பஞ்சை வாங்கி, துதிக்கை, கால்கள், உடல் என்ற வரிசையில் சிறிது சிறிதாகத் திணியுங்கள். ஓரங்களில் கால் அங்குலம் விட்டு இரட்டைத் தையல் போட்டு, திணித்த வாயை நெருக்கமான கைத்தையலால் மூடி, காதையும் துதிக்கையையும் பலமாக இழுத்துப் பாருங்கள். இழை சற்று விலகினாலும் அந்த இடத்தைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். பிறந்த நாளுக்கு முன்பே கொடுப்பதானால், குழந்தை தூங்கும்போது தொட்டிலில் பொம்மையை விட்டு வைக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் ஐந்து வயது மகன் மூன்று கால்களும் ஒற்றைக் கண்ணும் உள்ள ஒரு மிருகத்தை அடிக்கடி வரைகிறான். அதைப் பஞ்சுப் பொம்மையாகச் செய்ய முடியுமா?
– வாசகர், திருச்சி

பதில்: தாராளமாகச் செய்யலாம். படத்தை நகல் கடையில் பெரிதாக்கி, கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டினால் அதுவே மாதிரி வடிவம். கோணலான கோடுகளைத் திருத்தி அழகுபடுத்தாதீர்கள். அவன் வரைந்த மிருகம் அந்தக் கோணலோடுதான் அவனுக்கு அடையாளம். கோடாக வரைந்த கால்களை மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குப் பருமனாக்குங்கள், இல்லையேல் திருப்பவும் முடியாது, பஞ்சும் போகாது. வளைவுகளில் தையலைத் தொடாமல் சிறு சிறு வெட்டுகள் கொடுத்தபின் திருப்பினால் துணி சுருங்காது. துணியின் நிறத்தை அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் அவனைவிடச் சிறிய குழந்தை இருந்தால், அந்த ஒற்றைக் கண்ணையும் நூலாலேயே தைத்துவிடுங்கள்.