மாதுளம்பழம் இருக்கா, பாருங்க

கேள்வி: ஸ்பெயின் டூர்ல டொலேடோ போனோம். ஒரு பழைய சர்ச்சுக்குள்ள சாமி சிலையைவிட ராஜ முத்திரைதான் பெருசா இருக்கு, சுவர் பூரா கழுகு கழுகா செதுக்கி வெச்சிருக்காங்க. கோயில்ல போய் ராஜாவுக்கு எதுக்குங்க விளம்பரம்? (ஒரு வாசகி)

பதில்: அது சான் ஹுவான் தே லோஸ் ரெயேஸ் மடாலயமா இருக்கணும். விளம்பரம்னீங்களே, அதேதான்! காஸ்தில் நாட்டு அரியணை இசபெல்லாவுக்கா அவங்க அண்ணன் மகளுக்கானு தகராறு, போர்ச்சுகல் ராஜா அந்தப் பொண்ணு பக்கம், 1476ல தோரோவுல சண்டை நடந்து ரெண்டு தரப்பும் நாங்கதான் ஜெயிச்சோம்னு சொல்லிக்கிச்சு, அதனால இசபெல்லாவும் அவங்க புருஷன் ஃபெர்டினாண்டும் ஜெயிச்சதை கல்லுல எழுதி வெச்சுட்டாங்க.

கழுகு மட்டும் ராஜாங்கத்து சமாச்சாரம் இல்ல. நற்செய்தி எழுதின யோவானுக்கு அடையாளம் கழுகு, அவர் இசபெல்லாவுக்கு இஷ்டமான புனிதர், கோயிலும் அவர் பேர்லதான். 1938ல சர்வாதிகாரி ஃபிராங்கோ இதே கழுகை எடுத்து தேசிய சின்னத்துல வெச்சுக்கிட்டதால இன்னிக்கு அதைப் பார்த்தாலே முகம் சுளிக்கிற ஸ்பெயின்காரங்க உண்டு, பாவம் யோவான்.

இப்ப போன்ல எடுத்த போட்டோவை ஜூம் பண்ணுங்க. கோட்டைன்னா காஸ்தில், சிங்கம்னா லெயோன், ஊர் பேரையே படமா போட்டுட்டாங்க. தங்க நிறத்துல சிவப்புப் பட்டை வந்தா அது புருஷன் வீட்டு அரகோன். கேடயத்தோட அடி நுனியில மாதுளம்பழம் இருக்கா? இருக்காது. கிரானாதான்னா ஸ்பானிஷ்ல மாதுளை, அந்த ஊர் 1492 ஜனவரியிலதான் இவங்க கைக்கு வந்துச்சு, அதுக்கப்புறம்தான் பழம் சின்னத்துல ஏறுது. அதாவது நீங்க பார்த்தது அதுக்கு முந்தின டிசைன். வயாதோலித் பக்கம் போனா சான் கிரெகோரியோ கல்லூரி வாசல்ல பாருங்க, சின்னத்துக்குக் கீழ ஒரு மாதுளை மரமே முளைச்சு நிக்கும்.

எனக்குப் பிடிச்சது ஓரத்துல இருக்கிற நுகத்தடியும் அம்புக்கட்டும்தான். நுகத்தடி ஸ்பானிஷ்ல யூகோ, அது ஃபெர்டினாண்டோட அடையாளம், ஆனா முதல் எழுத்து Y பொண்டாட்டி பேரோடது, அந்தக் காலத்துல இசபெல்னு எழுத Y தான் முதல்ல போடுவாங்க. அம்பு ஃபிளேச்சா, அது இசபெல்லாவோடது, முதல் எழுத்து F புருஷன் பேரோடது!

கேள்வி: வெளிச்சுவர்ல சங்கிலி தொங்குதே, அது? (அதே வாசகி)

பதில்: கிரானாதா ராஜ்ஜியத்துல கைதியா இருந்து விடுதலையான கிறிஸ்தவங்களோட விலங்குங்க அது. தங்களைப் புதைக்கணும்னுதான் ரெண்டு பேரும் டொலேடோவுல இதைக் கட்டினாங்க, கிரானாதா கிடைச்சதும் மனசு மாறிடுச்சு, கல்லறை இப்ப அங்க ராயல் சேப்பல்லதான் இருக்கு.