என் வயதை மட்டும் ஏன் எண்ணுகிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 37 வயது, கணவருக்கு 41. படிப்பு, வேலை, தம்பியின் கல்விக் கடன் என்று ஒவ்வொன்றாக முடித்து நான் திருமணம் செய்துகொண்டபோது 34 ஆகிவிட்டது. அன்றிலிருந்து மாமியாரின் பேச்சில் என் வயது வராத நாளில்லை. நேராகக் கேட்க மாட்டார்; "23 வயதில் எனக்கு இரண்டு பிள்ளைகள்" என்பார். என் அம்மாவும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். நாத்தனார், 38 வயதில் பிள்ளை பெற்ற தன் தோழியைப் பற்றி ஆறுதல்போலச் சொல்லிக் குத்துகிறார். ஓராண்டாக முயன்றும் கரு தங்கவில்லை என்பதை இவர்களிடம் எப்படிச் சொல்வது? மருத்துவர் இருவருக்கும் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். என்னுடையவற்றில் பெரிய குறை எதுவும் இல்லை. கணவர் இன்னும் போகவில்லை, நானும் நினைவூட்டவில்லை, அது கிடக்கட்டும். தாமதம் என்றாலே பெண்ணின் வயதைத்தான் சொல்ல வேண்டுமா? மாமியாரிடம் ஒருமுறை வெளிப்படையாகப் பேசிவிடலாமா?

ஒரு வாசகி

அன்புச் சகோதரி,

மாமியாரிடம் பேசுவதும் பேசாததும் உங்கள் விருப்பம். நீங்கள் "அது கிடக்கட்டும்" என்று ஒதுக்கியதை நான் ஒதுக்கப்போவதில்லை. உங்கள் வயதை மட்டும் எண்ணுவோரில் நீங்களும் ஒருவர் என்று சொன்னால் கோபம் வரலாம். ஆனால் 41 வயதுக்காரரின் பரிசோதனையை நினைவூட்டாமல் விட்டவர் நீங்கள்தானே?

ஏன் விட்டீர்கள் என்பதை நான் ஊகிக்கிறேன். கணவரின் பரிசோதனை முடிவு வராதவரை காரணம் "வயது" என்றே இருக்கும். அது வலித்தாலும் உங்களுக்குப் பழகிய வலி. குறை அவரிடம் என்று தெரிந்தால் அவர் உடைந்துபோவாரோ என்ற அச்சத்தில், அவருக்கு வரக்கூடிய பேச்சையும் சேர்த்து நீங்களே வாங்கிக்கொள்கிறீர்கள். இதை அன்பு என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. அவரைக் கேட்காமலேயே அவருக்காக ஒரு முடிவெடுத்துவிட்டு, அந்தச் சுமையின் எரிச்சலை மாமியார்மீது கொட்டுகிறீர்கள். அவர்கள் பேசும் விதம் தவறுதான், ஆனால் உங்கள் கோபத்தில் பாதியாவது கணவருக்கு உரியது.

காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதும் முற்றிலும் பொய்யல்ல. பெண்ணின் கருமுட்டைகள் பிறவியிலேயே அமைந்தவை. 37 வயதை ஒட்டி அவற்றின் எண்ணிக்கை வேகமாகக் குறைகிறது. அதனால்தான் 35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதம் முயன்றும் கரு தங்காவிட்டால் இருவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்கிறது மருத்துவம். 40 வயதுக்கு மேல் ஆணின் விந்தணுத் தரமும் குறையக்கூடும் என்பதைத்தான் குடும்பங்கள் பேசுவதில்லை. விந்துப் பரிசோதனையோ, நீங்கள் கடந்து வந்தவற்றைவிட மிக எளியது.

அவரிடம் "ஏன் போகவில்லை?" என்று தொடங்காதீர்கள், "நினைவூட்ட எனக்குப் பயமாக இருந்தது" என்று தொடங்குங்கள். அவர் தயங்கினால், முடிவைப் பற்றிய பயமா, தந்தையாவதிலேயே விருப்பமில்லையா என்று கேளுங்கள். பயம் என்றால் இருவருமாகச் சேர்ந்தே மருத்துவரிடம் போய் வாருங்கள். விருப்பமில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். அப்போது நாம் பேச வேண்டியது வயதைப் பற்றி அல்ல.