ஸ்ட்ராபெரி டிஎன்ஏ: வெள்ளை நூல் திரளவில்லை என்றால்

ஸ்ட்ராபெரிச் சாறிலிருந்து டிஎன்ஏவைப் பிரிக்க ஆல்கஹாலுக்குப் பதில் கை சானிடைசர் ஊற்றி, வெள்ளை நூல் திரளவில்லையா? சானிடைசர்தான் காரணம். அதில் ஆல்கஹால் 70% அளவில்தான் இருக்கும், மீதி தண்ணீரும் ஜெல்லும். சாறோடு கலந்ததும் இன்னும் நீர்த்துவிடும். டிஎன்ஏ கரைந்தபடியே கிடக்கும்.

மிச்சமிருக்கும் வடிகட்டிய சாறில் 10 மிலியைச் சோதனைக் குழாயில் எடுங்கள். பள்ளி ஆய்வகத்தின் 95% எத்தனால் 10 மிலியை ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்து, குழாயைச் சாய்த்துச் சுவரோரமாக விடுங்கள். குலுக்கக் கூடாது, குலுக்கினால் இழை அறுந்துவிடும். இரண்டு நிமிடத்தில் நடுவில் வெண்மேகம் எழும்.

எழவில்லையா? சாறு எடுத்த கரைசலில் உப்பு போட்டீர்களா பாருங்கள். 100 மிலி கரைசலுக்கு அரை டீஸ்பூன். டிஎன்ஏவின் எதிர்மின்னூட்டத்தை உப்பிலுள்ள சோடியம் தணித்தால்தான் இழைகள் ஒட்டும்.

குச்சியில் சுற்றி வருவது சுத்த டிஎன்ஏ அல்ல. பெக்டினும் (பழத்திலுள்ள பசைப்பொருள்) புரதமும் கூடவே வரும். எத்தனால் பக்கத்தில் அடுப்பு வேண்டாம்.